ஒரு கள்ளி மடல் போதும்

நம்ம ஆட்கள் வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு செடிக் கிளை. பிரிஸ்பேனில் எங்கள் தோட்டத்தில் இருக்கும் கற்பூரவள்ளி, மல்லிகை, வெற்றிலை எல்லாம் இப்படி வந்தவைதான். அருமையான பழக்கம். ஆனால் கொஞ்ச நாளாக இந்தக் கிளைகளோடு சின்னச் சின்ன அலங்காரக் கள்ளிகளும் கைமாறுகின்றன. அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

என் தோழி ஒருத்தி மகனுடைய பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் யோசித்துக்கொண்டிருந்தாள். "பிளாஸ்டிக் சாமானெல்லாம் வேண்டாம்டி, ஆளுக்கொரு செடி குடுக்கலாம்னு பார்க்கிறேன்" என்று போட்டோ அனுப்பினாள். முயல் காது மாதிரி இரண்டிரண்டாக முளைக்கும் பச்சை மடல்கள், மேலே மஞ்சள் புள்ளிகள். ஆங்கிலத்தில் 'பன்னி இயர்ஸ்' என்பார்கள். (பெயரைக் கேட்டதும் எங்கம்மா, "பன்னிக்குக் காது இப்படியா இருக்கும்?" என்றார்.) தாவரவியல் பெயர் ஒபன்ஷியா மைக்ரோடேசிஸ், சொந்த ஊர் மெக்சிகோ. நீண்ட முள் கிடையாது, அதனால் சாதுவாகத் தெரியும். ஆனால் அந்த மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சுணை. குழந்தை தொட்டால் விரலில் இறங்கிவிடும், எடுப்பது பெரும்பாடு.

அவளிடம் போனிலேயே சொல்லிவிட்டேன்: "இதைக் குடுக்கக் கூடாதுடி. சட்டப்படியே தப்பு." முதலில் சிரித்தாள். பிறகு அவளே தேடிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குத் துளசி நாற்று கொடுத்தாள். அன்று அவளிடம் அவசரத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் ஒபன்ஷியா, சிலிண்ட்ரோபன்ஷியா, ஆஸ்ட்ரோசிலிண்ட்ரோபன்ஷியா என்ற மூன்று கள்ளிப் பேரினங்களை 2012இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகள் என்று அறிவித்தார்கள். கடைகளில் பழத்துக்காக விற்கிற ஒபன்ஷியா ஃபைகஸ் இண்டிகா ஒன்றுக்கு மட்டும் விலக்கு. குயின்ஸ்லாந்தில் பன்னி இயர்ஸை விற்கக் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது.

ஒரு தொட்டிச் செடிக்கு இவ்வளவு கெடுபிடி ஏன்? இந்தக் கள்ளிகள் பரவ விதையே தேவையில்லை. ஒரு மடல் கீழே விழுந்தால் போதும், வேர் விட்டுவிடும். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தாலும் உயிர் போகாது. குப்பையோடு காட்டோரத்தில் கொட்டினால் அங்கேயே தழைக்கும். வெள்ளம் வந்தால் ஆற்றோடு போய் வேறோர் இடத்தில் கரையேறும்.

'கோரல் காக்டஸ்' என்று ஒன்று உண்டு. பவளப்பாறை மாதிரி முறுக்கிக்கொண்டு வளரும், தொட்டியில் வைத்தால் அத்தனை அழகு. அலங்காரத்துக்கென்று வந்த அது இன்று குயின்ஸ்லாந்தின் லாங்ரீச் வட்டாரத்தில் மேய்ச்சல் நிலங்களில் நிற்கிறது. அதன் துண்டுகள் கங்காருவின் உடம்பிலும் ஆட்டின் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். முள்ளைப் பிடுங்க அவற்றுக்குக் கையா இருக்கிறது? வலியோடு அலைந்து, தின்ன முடியாமல் செத்துப்போகிற பிராணிகளும் உண்டு. நியூ சவுத் வேல்ஸின் லைட்னிங் ரிட்ஜ் பக்கம் பரவியிருக்கும் 'ஹட்சன் பேர்' கள்ளியின் முள் பூட்ஸையும் டயரையும் துளைக்கும்.

இந்த நாடு இதே பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்கிறது. 1788இல் வந்த முதல் கப்பல் தொகுதியிலேயே பிரேசிலிலிருந்து கள்ளி ஏற்றி வந்தார்கள். அதில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து பிரிட்டிஷ் சிப்பாய்களின் சட்டைக்குச் சிவப்புச் சாயம் எடுப்பது திட்டம். பிறகு வேலிக்காகவும் அழகுக்காகவும் வேறு வகைகள் வந்தன. 1920களில் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 6 கோடி ஏக்கரைக் கள்ளி பிடித்திருந்தது. தமிழ்நாட்டைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நிலம்! விவசாயிகள் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அதன் புழுக்கள் மடலைக் குடைந்து தின்று சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதியை அழித்தன. சின்சில்லா ஊருக்குப் பக்கத்தில் பூனார்கா என்ற இடத்தில், 1936இல் அந்தப் பூச்சிக்கு நன்றி சொல்லி ஒரு மண்டபமே கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

எங்கம்மா விளாத்திகுளம் பக்கம் வளர்ந்தவர். "சப்பாத்திக்கள்ளி நம்ம ஊர்ச் செடிதானே, நாங்க பழம் பறிச்சுத் தின்னு வாயெல்லாம் செவந்து திரிவோம்" என்பார். பழத்தைத் தரையில் உருட்டி, சுணை போகத் தேய்த்துத் தின்ற கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பழந்தமிழ்ப் பாடல்களில் வரும் கள்ளி வேறு. ஒடித்தால் பால் வடியும் கள்ளி அது.

சென்னையிலும் இதே சாய வியாபாரம் நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கொச்சினீலுக்காகக் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்த பூச்சியோ நல்ல சாயம் தரவில்லை, கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. பின்னால் தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளி காடாய்ப் பரவியபோது, 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைக் கொச்சினீலைக் கொண்டுவந்து அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது எட்டு வயது மகள் கேட்டாள்: "அப்போ அது கெட்ட செடியாம்மா? வெளிநாட்டுலேர்ந்து வந்ததாலயா?"

நம்ம பிள்ளைகள் கேட்டால் இந்தக் கேள்விக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, இல்லையா? "எங்கிருந்து வந்தே?" என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். அதனால் யோசித்துத்தான் பதில் சொன்னேன். மெக்சிகோவில் இதே கள்ளியினம்தான் சாப்பாடு, அவர்கள் கொடியிலேயே இருக்கிறது. அங்கே அதைத் தின்னவும் ஆளுண்டு, அடக்கவும் பூச்சியுண்டு. குயின்ஸ்லாந்தைக் காப்பாற்றிய அந்த அந்துப்பூச்சியே 1989இல் ஃப்ளோரிடாவில் தென்பட்டது. அங்குள்ள இயற்கையான கள்ளிகளுக்கு இப்போது அதுவே ஆபத்து. ஆக, செடியும் கெட்டதில்லை, பூச்சியும் கெட்டதில்லை. அவற்றைத் தூக்கிக்கொண்டு போனது மனிதர்கள். அதனால் பொறுப்பும் மனிதர்களுடையது. "மனுஷங்க யோசிச்சு நடந்துக்க முடியும், கள்ளியால முடியாது" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி நடைமுறைக்கு வருவோம். வீட்டில் இருக்கும் கள்ளியின் பெயர் தெரியாவிட்டால், மடல் மடலாகவோ துண்டு துண்டாகவோ கழன்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் யாருக்கும் கொடுக்காமல், முதலில் பெயரைக் கண்டுபிடியுங்கள். உங்கள் மாநிலத்தின் களைப் பட்டியலில் இருந்தால் பச்சைக் குப்பைத் தொட்டியிலோ உரக்குழியிலோ போடாதீர்கள். எப்படி அகற்றுவது என்று கவுன்சிலைக் கேளுங்கள். ஆன்லைனில் வாங்குமுன் தாவரவியல் பெயரைக் கேளுங்கள். வேறு நாட்டில் இருப்பவர்களும் அந்த நாட்டுப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஆன்ட்டி அன்பாகக் கள்ளி மடலை நீட்டினால் என்ன செய்வது என்கிறீர்களா? "இது வேண்டாம் ஆன்ட்டி, அந்த மல்லிகையில ஒரு கிளை குடுங்க" என்று கேளுங்கள். அவருக்கும் சந்தோஷம், நமக்கும் பூ.