மகன் குடிக்கிறானா? தாய்க்குத் துணை நிற்போம்

நம்ம குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் பேசுறோம். மகன் குடிக்கிறதை மட்டும் எந்த அம்மாவும் சொல்வதில்லை. "வளர்ப்பு சரியில்லை" என்று ஊர் பேசுமே என்ற பயம். குடி அடிமைத்தனம் ஒரு நோய், சிகிச்சை உண்டு.

அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்காதீங்க. சில மருந்துகளுக்கு மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 2, 3 நாளுக்குள் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். "நிறுத்திட்டானே" என்று சும்மா இருக்காமல், அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்க. 14446-க்குப் போன் செய்தால் இலவச ஆலோசனை கிடைக்கும்.

அவன் கடனை அடைக்கக் குழுவில் கடன் எடுக்காதீங்க. அது அடுத்த குடிக்குத்தான் வழி. கூட்டத்தில் ஒரு அம்மா அழுதால் புத்தி சொல்லாமல் பக்கத்தில் உட்காருவோம். மருத்துவமனைக்கு நம்மில் ஒருத்தர் துணைக்குப் போவோம்.