ஒரு மணித்தியாலப் பேச்சில் என்ன கிடைக்கும்?

1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், ஒல்லாந்து தேசத்து லைடன் நகரத் தெருக்களிலே இருவர் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் பேசிக்கொண்டே நடந்தனர். (எங்கள் வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் சூட்டிய பெயரும் இந்நகரின் பெயரே என்பதை வாசகர் அறிவர்.) ஒருவர் உளப்பகுப்பு முறையை வகுத்த சிக்மண்ட் பிராய்ட். மற்றவர் குஸ்தாவ் மாலர் என்னும் இசை மேதை. தம் மனைவியின் உள்ளம் வேறொருவர்பாற் சென்றுவிட்டதை அக்கோடையில் அறிந்து நிலைகுலைந்திருந்தார் மாலர். விடுமுறையிலிருந்த பிராய்டிடம் நாள் கேட்பார். நாள் குறித்ததும் வர இயலாதெனத் தந்தியடிப்பார். இது நிகழ்ந்தது ஒருமுறையன்று. ஈற்றில் வந்தார், பேசினார், ஊர் திரும்பினார். மறு ஆண்டு மே மாதத்தில் அவர் உடல்நோயினாற் காலமானார். ஆயினும் அந்த ஒரேயொரு சந்திப்பிலே பெரும்பயன் விளைந்ததென 1935இல் பிராய்ட் கடிதமொன்றிற் குறிப்பிட்டார்.

உலகப் புகழ் பெற்றவரே இங்ஙனந் தயங்கினாரெனில், நம்மவர் தயங்குவதில் வியப்பென்ன? மூன்று மாதமாக உறக்கமில்லை, உணவு செல்லவில்லை என்றால் நூல் கட்டுவிப்போம், சாதகம் பார்ப்போம், உளவளத்துணையாளரிடம் மட்டும் போகமாட்டோம். போனால் ஊரார் பைத்தியப் பட்டஞ் சூட்டுவரென்ற அச்சம் ஒன்று. அங்கே என்ன நடக்குமென்று அறியாமை மற்றொன்று. முன்னதை ஒரு கட்டுரை தீர்த்துவிடாது. பின்னதைப் பற்றிச் சிறிது கூறலாம்.

சாய்கதிரையிற் படுக்கவைத்துக் கனவுகளைக் கேட்பார்கள் என்பது சினிமாக்காரர் தந்த எண்ணம். இக்காலத்து நேரப் பேச்சு பெரும்பாலும் நாற்பத்தைந்து நிமிடத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடைப்பட்டது. இரண்டு கதிரைகள், ஓர் அறை, அவ்வளவே. நீங்கள் சொல்வது வெளியே போகாது என்று முதலிற் சொல்லுவார்கள். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நேரிடுமெனின் அவ்விரகசியம் காக்கப்படாது என்பதையும் உடன் சொல்லுவார்கள். பின்னர், ஏன் இப்போது வந்தீர்கள் என்பர். உறக்கம், பசி, வேலை, வீடு பற்றி வினவுவர். சாக வேண்டுமென்ற எண்ணம் வந்ததுண்டா என்று நேராகவே கேட்பர். இக்கேள்வியைக் கண்டு திடுக்கிடவேண்டாம். கேட்பதனால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை. ஏலவே இருப்பவருக்கோ அதைச் சொல்ல ஒரு வழி திறக்கும்.

இனி, பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. நல்ல புத்திமதி கிடைக்குமென்று போகிறார்கள், அது கிடைப்பதில்லை. (புத்திமதி சொல்லாமல் ஒரு மணித்தியாலம் இருப்பது எம்போன்ற ஆசிரியருக்கு எத்துணைக் கடினம் என்பதை மாணவர் அறிவர்!) எதிரே இருப்பவர் கேட்பார், இடையிற் சும்மா இருப்பார், நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லி, இப்படித்தானா என்பார். இதற்கோ இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். ஆனால் தலைக்குள் சுழன்றுகொண்டிருந்த ஒன்று வாய்வழியே வரிசையாக வெளிவரும்போது அதன் வடிவம் தெரிகிறது. கண்ணீர் வரலாம், வெட்கப்படவேண்டியதில்லை. அன்று மாலை உடலிற் களைப்பு மிகுவதும் உண்டு.

உயர்தரப் பரீட்சைக்கு முன் உறக்கமிழந்த ஒரு மாணவனை எண்ணிக்கொள்க. அவன் பத்து மணிக்குப் படுத்து இரண்டு மணிவரை பெறுபேற்றைக் கணக்கிட்டுக்கொண்டு கிடக்கிறான். அவனுடைய எதிர்காலம், தந்தையின் கடன், அக்காவின் கலியாணம் எல்லாம் அந்த ஒரு பேச்சில் ஆராயப்படா. உறக்கம் என்ற ஒன்றையே எடுப்பர். இருபது நிமிடம் அளவில் உறக்கம் வராவிடின் படுக்கையை விட்டெழுந்து வேறிடத்தில் இருந்து, கண் சொருகும்போது மீள்க. மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கிப் பயங்களையெல்லாம் கொப்பியில் எழுதுக. இரவில் அவை வந்தால் நாளை மாலைக்கு என்று ஒத்திவைக்க. இவ்வளவே வீட்டுவேலை. சிறிதாகத் தோன்றும். செய்து பார்த்தவனுக்கே அதன் பலன் விளங்கும்.

மோஷே தல்மொன் என்னும் உளநூலறிஞர் கலிபோர்னியாவிலே ஒருமுறை மட்டும் வந்து பின்னர் வாராத தம் நோயாளர் 200 பேரைத் தேடி விசாரித்தார். வெறுப்புற்றே நின்றுவிட்டனர் என எண்ணத் தோன்றுமன்றோ? பெரும்பாலோர் தாம் வேண்டியது கிடைத்துவிட்டதென்றனர். 1990இல் அவர் இதனை நூலாக எழுதினார். இதைக்கொண்டு ஒருமுறை போதும் என்று எல்லாரும் துணியலாகாது. கடும் மனச்சோர்வு, நெடுநாட் குடிப்பழக்கம், பழைய பெருந்துயர்கள் ஆகியவற்றுக்குப் பல வாரம் வேண்டும். சிலருக்கு மருந்தும் வேண்டும். காதிற் குரல் கேட்கிறதென்பவரைப் பேச்சை மட்டும் நம்பி வைத்திருத்தல் தவறு; மனநல வைத்தியரிடமே கொண்டுசெல்க.

உடன் செல்லும் உறவினருக்கு ஒரு வார்த்தை. "தம்பிக்கு எப்படி இருக்கிறது?" என்றால் தம்பி வாய் திறக்குமுன் அம்மா பதில் சொல்லுவார், அவரை இடைமறித்து மாமா சொல்லுவார். அன்பினாலேதான். எனினும் அந்த நேரம் தம்பிக்கு உரியது. வெளியே வாங்கிலே அமர்ந்திருங்கள். வீடு திரும்பும் வழியில், என்ன கேட்டார், என்ன சொன்னாய் என்று துருவாதீர்கள். போகுமுன் அவனுக்கு உதவ விரும்பினால், மிக வருத்தும் காரியம் எது, எப்போது தொடங்கிற்று, உட்கொள்ளும் மருந்துகள் எவை என்று ஒரு கடதாசியில் அவனே குறித்துக்கொள்ளச் செய்யுங்கள்.

அரசினர் ஆஸ்பத்திரிகளின் மனநலக் கிளினிக்குகளிற் கட்டணமில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர் இருக்கின்றனர். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தவருக்கு நாட்குறித்துக் காத்திருக்க நேரமில்லை; அவரைத் தனியே விடாது அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க. நடுநிசியாயின், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம்.