நடுங்குவது எந்த நேரத்தில் என்று பாருங்கள்

அப்பாவிடம் காபி டம்ளரை நீட்டும்போது அவர் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். மடியில் சும்மா கிடந்தபோது நடுங்கிய கை, டம்ளரைப் பிடிக்க நீண்டதும் அடங்குகிறதா? அல்லது அதுவரை அமைதியாக இருந்த கை, டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது ஆடத் தொடங்கி, சட்டையெல்லாம் காபி சிந்துகிறதா? நரம்பியல் மருத்துவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான். நம் வீடுகளிலோ இரண்டுக்கும் ‘வயசாயிடுச்சு, நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரே பெயர். ஒரு சத்து டானிக்கோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இதனால் எத்தனையோ பெரியவர்கள் தேவையில்லாமல் வருடக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் பார்க்கின்சன் நோயின் அடையாளம். விநாடிக்கு நான்கு முதல் ஆறு முறை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல அசையும். முதலில் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை விவரித்து எழுதியபோது அவரிடம் இருந்தது ஆறே பேரின் கதை. அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில், டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மடிந்துபோவதே காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. கை நடுங்கத் தொடங்கும்போது அந்தச் செல்களில் கணிசமான பகுதி போயிருக்கும். வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கைகாலை உதைப்பது எல்லாம் பல வருடங்கள் முன்னாலேயே வந்திருக்கலாம்.

வேலை செய்யும்போது வரும் நடுக்கம் வேறு. எசென்ஷியல் ட்ரெமர் எனப்படும் இது பார்க்கின்சனைவிடப் பரவலானது, பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. இரண்டு கைகளும் ஆடும். சிலருக்குத் தலையும் குரலும் சேர்ந்து ஆடும். மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்துச் சுருள் வரையச் சொல்வார். இந்த நடுக்கம் உள்ளவர் வரைந்த கோடு முழுக்க அலை அலையாக நெளிந்திருக்கும். பார்க்கின்சன் உள்ளவரின் சுருளோ சிறுத்து, நெருங்கிப் போயிருக்கும். கோலம் போடும் அம்மாக்கள் வீட்டில் வாசலே போதும். பொடி இழை நெளிகிறதா, கோலம் சுருங்குகிறதா என்று பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். ப்ரொப்ரனலால் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை எசென்ஷியல் ட்ரெமர் உள்ள பலருக்கு உதவுகிறது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது.

மூன்றாவது காரணம் வீட்டு மாத்திரை டப்பாவிலேயே இருக்கலாம். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். தலைசுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசின், வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு, வாயுத் தொல்லைக்கான கேப்ஸ்யூல்கள் சிலவற்றில் கலந்திருக்கும் லெவோசல்பிரைடு ஆகியவை மூளையில் டோபமினின் வேலையைத் தடுக்கக்கூடியவை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் அசல் பார்க்கின்சன் போலவே நடுக்கமும் இறுக்கமும் வரலாம். மருத்துவர் அவற்றை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். என்றைக்கோ எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் திரும்பத் திரும்ப வாங்கும் வழக்கம் நம் ஊரில் அதிகம். அதனால் மருத்துவரிடம் போகும்போது டப்பாவை அப்படியே எடுத்துப்போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று வியர்த்து நடுங்கினால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். அதை உடனே கவனிக்க வேண்டும்.

பார்க்கின்சன்தான் என்று உறுதியானால், டோபமின் குறைவை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை வீட்டுக்குள் வரும். இதன் கதையில் நம் நாட்டு மூலிகைக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்த ரெசர்பைனை, சுவீடனின் அர்விட் கார்ல்சன் முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபா கொடுத்ததும் மறுபடி அசையத் தொடங்கின. 1957இல் வெளிவந்த இந்த ஆய்வின் தொடர்ச்சிதான் அவருக்கு 2000இல் கிடைத்த நோபல் பரிசு. பூனைக்காலி விதையிலும் இதே லெவோடோபா இருக்கிறது. அதனாலேயே, மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் சொந்த யோசனையில் கொடுப்பது ஆபத்து. அளவு தெரியாமல் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

இந்த மாத்திரைக்கு நேரம்தான் உயிர். உடம்பில் இதன் வீரியம் வேகமாகக் குறைந்துவிடும். நோய் முற்ற முற்ற, அரை மணி நேரத் தாமதம்கூட வெளியில் தெரியும். காலையில் தானே சட்டைப் பொத்தான் போட்டவர், மதியம் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருப்பார். ‘காலையில் முடிந்தது இப்போது முடியாதா, பிடிவாதம்’ என்று கோபிக்கத் தோன்றும். அது பிடிவாதம் அல்ல, மருந்து இறங்கிவிட்டது. உணவின் புரதமும் லெவோடோபாவும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே பேருந்தில் ஏற முண்டுகின்றன. பாலோடு மாத்திரை விழுங்கும் நம் பழக்கம் இங்கே கெடுதல். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ தண்ணீரோடு கொடுப்பது நல்லது. அதற்காகப் பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்திவிடக் கூடாது, உடல் மெலிந்துபோகும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதனுடன் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

ஒரு நோட்டில் மாத்திரை கொடுத்த நேரம், கை இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம் மூன்றையும் எழுதிவையுங்கள். மருத்துவருக்கு இதைவிட உதவும் பரிசோதனை அறிக்கை குறைவு. வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், வார்டு நர்ஸிடம் முதலில் இந்த நேரங்களைச் சொல்லுங்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டில் செய்யவேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். டம்ளரில் பாதி மட்டும் ஊற்றுங்கள். கனமான, பிடியுள்ள கோப்பை இன்னும் நல்லது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார்கள்; ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரட்டும். நிலைப்படி அருகே கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணுங்கள், அல்லது தரையில் ஒட்டிய வண்ண டேப்பைத் தாண்டச் சொல்லுங்கள். கால் பெயரும். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், நிமோனியா வரை போகலாம். ‘மாமா முகம் கொடுத்தே பேசறதில்லை’ என்று மருமகள் வருத்தப்படும் வீடுகள் உண்டு. முகத் தசைகள் இறுகிவிட்டன, அன்பு அப்படியேதான் இருக்கிறது என்பதை யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும்.

கையெழுத்து மாறிப்போய் பென்ஷன் வாங்க முடியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு தகவல். கையெழுத்துப் போட இயலாத முதிய ஓய்வூதியர்கள் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வழிகாட்டியிருக்கிறது. கிளையில் மறுத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவையும் பெரும்பாலான வீடுகளில் ஒருவரே செய்கிறார். அநேகமாக அவரும் எழுபதை நெருங்கும் ஒரு பெண். இரவில் நாலு முறை எழுந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, போனில் ‘அப்பா எப்படி இருக்கார்?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த நோட்டை நீங்கள் வாங்கிக்கொண்டு அப்பா பக்கத்தில் படுங்கள். நாலு நாளாவது அம்மா தூங்கட்டும்.