குஞ்சுக்கு எந்தத் தீன்? மூட்டையின் விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

வளவில் கோழி வளர்ப்பதை வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கான சங்கதி என்று வியாபாரிகளில் பலர் ஒதுக்கி விடுகின்றனர். ஆனால் தீன் விற்கும் கடைக்காரருக்கும், முட்டை சேர்த்து விற்கும் சில்லறை வியாபாரிக்கும், ஊர்க்கோழி கொள்வனவு செய்பவருக்கும் இந்த வளவுக் கோழிகளால் வரும் வருமானம் குறைவானதல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம் செல்லும் வழியில் உள்ள இணுவிலை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண் பூமி. கிணற்று நீரை இறைத்து மரக்கறியும் புகையிலையும் செய்கின்ற ஊர். அருகிலேயே மருதனார்மடம் சந்தை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு வளவில் 20 கோழி நின்றால் வீட்டுத் தேவை போக மிஞ்சும் முட்டை கடைக்கு வரும், எரு தோட்டத்துக்குப் போகும். கோழி முட்டையிடுகிற வரைக்கும் அந்த வீட்டுக்குச் செலவு மட்டுமே. அந்தச் செலவில் மிகப் பெரியது தீன். தவறு நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

கடைகளில் கோழித்தீன் என்று கேட்டால் முட்டைக் கோழி இனத்துக்கு மூன்று வகை மூட்டைகள் உண்டு. குஞ்சுக்கு ஸ்டார்டர், வளரும் கோழிக்கு குரோவர், முட்டையிடும் கோழிக்கு லேயர். இறைச்சிக் கோழியான புரொய்லருக்கு வேறு தீன். சிறிய கடைகளில் இவை எல்லாம் எப்போதும் இருப்பதில்லை. அதிகம் விலைப்படுவது லேயர் என்பதால் அதுவே எப்போதும் இருக்கும். குஞ்சு வாங்கியவர் வந்து “கோழித்தீன் 5 கிலோ தாங்கோ” என்று கேட்பார். கடைப் பையன் இருப்பதை நிறுத்துக் கொடுப்பான். குஞ்சும் அதைத் தின்னும், இரண்டு மூன்று வாரம் ஒரு குறையும் தெரியாது.

இங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது. லேயர் தீனில் முட்டை ஓட்டுக்காக 3.5 முதல் 4 வீதம் வரை கல்சியம் சேர்க்கப்பட்டிருக்கும். குஞ்சுக்குத் தேவை ஏறத்தாழ 1 வீதம் மட்டுமே. முட்டையிடாத உடம்புக்கு மேலதிக கல்சியத்தால் பயனில்லை. அதை வெளியேற்றப் போய்ச் சிறுநீரகம் பழுதடைகிறது. யூரிக் அமிலம் வெளியேறாமல் ஈரல், இருதயம் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படியும். வாரக் கணக்கில் கழித்துக் கோழி ஒவ்வொன்றாகச் சோர்ந்து சாகும்போது உரிமையாளர் “வருத்தம் வந்துவிட்டது” என்று மருந்து தேடி ஓடுவார். தீனை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஆகவே முதல் 8 வாரத்துக்கு ஸ்டார்டர்தான். அதில் புரதம் 20 வீதமளவில் இருக்கும். 9 ஆம் வாரத்திலிருந்து 15, 16 வீதப் புரதமுள்ள குரோவர் போதும். முதல் முட்டையைக் கண்டதும், கலப்பினக் கோழியானால் ஏறத்தாழ 18 முதல் 20 வாரத்தில், லேயருக்கு மாற வேண்டும். ஊர்க்கோழி இன்னும் பிந்தும். அதற்கு வாரத்தைப் பார்க்காமல் முட்டையைப் பார்த்து மாற்றுவது நல்லது. மாற்றும்போதும் ஒரே நாளில் மாற்றாமல் நாலைந்து நாள் பழையதையும் புதியதையும் கலந்து கொடுக்க வேண்டும்.

கணக்கையும் பார்ப்போம். முட்டை இனக் குஞ்சு ஒன்று 8 வாரத்தில் ஏறத்தாழ 2 கிலோ தின்னும். 18 வாரம் வரை மொத்தமாக 6 கிலோவுக்குச் சற்று மேல். 20 குஞ்சுக்கு ஸ்டார்டர் 40 கிலோ, குரோவர் 85 கிலோ வரை தேவைப்படும். அதாவது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே விலை கூடிய ஸ்டார்டர். அந்த 40 கிலோவில் கிலோவுக்குச் சில ரூபா மிச்சம் பிடிக்கப் போய்ப் பின்னால் வரும் 85 கிலோவையும் கோழியையும் சேர்த்து இழப்பதை எந்த வியாபாரக் கணக்கில் எழுதுவது?

மிச்சம் பிடிக்கும் இன்னொரு வழி கலப்படம். கடைக்காரர் செய்வதல்ல, வீட்டில் நடப்பது. ஒரு கிலோ ஸ்டார்டருடன் ஒரு கிலோ அரிசிக் குறுணல் கலப்பார்கள். குறுணலில் புரதம் 8 வீதமளவு. 20 உம் 8 உம் கூட்டி இரண்டால் பிரித்தால் 14. இது வளர்ந்த கோழிக்கும் மட்டுமட்டான அளவு, குஞ்சுக்குப் போதவே போதாது. விற்றமின், கனியுப்பு எல்லாம் பாதியாகிவிடும். இறகு சரியாக முளைக்காது, கால் பலமிருக்காது, முட்டையிடுவதும் பிந்தும். அப்படிப் பிந்தும் ஒவ்வொரு வாரமும் தீன் செலவுதான். கலக்கத்தான் வேண்டும் என்றால் 12 வாரம் கழிந்த பின்னர், குரோவருடன், கால் பங்குக்கு மேற்படாமல் குறுணலோ தவிடோ கலக்கலாம். நல்லெண்ணெய்ச் செக்கிலிருந்து வரும் எள்ளுப் புண்ணாக்கு புரதம் நிறைந்தது. அந்த வயதில் அதையும் சிறிதளவு சேர்க்கலாம். கருவாட்டுக் கழிவில் மட்டும் கவனம் தேவை. அதிலுள்ள உப்பு குஞ்சுகளைக் கொன்றுவிடும்.

“எங்கட அம்மாமார் ஸ்டார்டர் வாங்கியா வளர்த்தவை?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவர்கள் சாணமும் உக்கலும் போட்ட பானையை இரவில் புற்றருகே கவிழ்த்து வைத்துக் காலையில் கறையானைத் தட்டிக் கொடுத்தார்கள். கறையானில் புரதம் ஏராளம். அடைகாத்த தாய்க்கோழியும் கூட நின்று கிளறிக் கொடுத்தது. அடைவைத்துப் பொரித்த ஏழெட்டு ஊர்க் குஞ்சுக்கு அது இன்றும் சரிவரும். பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வரும் 20 கலப்பினக் குஞ்சுக்குத் தாயும் இல்லை, அவ்வளவு கறையானுக்கு வழியும் இல்லை.

புரொய்லர் ஸ்டார்டர் கொடுக்கலாமா என்றும் கேட்கின்றனர். வேறு ஒன்றும் கிடைக்காத முதல் சில வாரங்களுக்குக் குஞ்சு அதனால் சாகப் போவதில்லை. ஆனால் 40 நாளளவில் இறைச்சிக்குப் போகிற கோழிக்கான தீன் அது. விலை கூட. முட்டைக்கு வளர்ப்பதைக் கொழுக்க வைக்கும். இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து சேர்த்த தீனும் உண்டு. முட்டையிடும் கோழிக்கு அது போனால் மருந்தின் எச்சம் முட்டையில் வரலாம். ஆகவே மூட்டையின் சீட்டை வாசிக்காமல் விற்கக் கூடாது.

பெரிய கோழியும் குஞ்சும் ஒரே வளவில் நிற்கும் வீடுகளுக்கு ஒரு யோசனை. குஞ்சுத் தீனைக் கரப்புக்குள் வைத்து, குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு வழி விடுங்கள். அது முடியாவிட்டால் எல்லாவற்றுக்கும் குரோவர் கொடுத்து, நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனியாக ஒரு சிரட்டையில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

2022 இல் நடந்ததை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். கோழித்தீனில் ஏறத்தாழப் பாதி சோளம். 2021 இல் இரசாயனப் பசளை தடை செய்யப்பட்டதும் உள்ளூர்ச் சோளம் குறைந்தது. டொலர் இல்லாததால் இறக்குமதியும் முடங்கியது. தீன் விலை ஏற ஏறப் பலர் கோழிகளைக் குறைத்தனர், சிலர் கூட்டையே மூடினர். அரசு 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று விலை கட்டியும் தட்டுப்பாடு தீரவில்லை. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை கொண்டுவர வேண்டியதாயிற்று. குஞ்சை வளர்க்காமல் விட்டால் அதன் விளைவு ஐந்தாறு மாதம் கழித்தே கடைக்கு வரும். அப்போது விலை கட்டி முட்டையை வரவழைக்க முடியாது.

தீன் விற்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விலங்குத் தீன் உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் நாட்டில் 1986 இலிருந்து இருக்கிறது. மூட்டையில் தைத்திருக்கும் சீட்டை, மூட்டையை உடைத்துக் கிலோக் கணக்கில் விற்கும் பலர் கழற்றி எறிந்து விடுகின்றனர். அதை அந்த மூட்டை முடியும் வரை வைத்திருங்கள். நிறுத்துக் கொடுக்கும் பையில் தீனின் வகையையும் உற்பத்தித் திகதியையும் பேனையால் எழுதிக் கொடுங்கள். பழைய மூட்டையின் அடிமிச்சத்தைப் புதியதில் கொட்ட வேண்டாம். குஞ்சுத் தீன் கேட்டு வருபவரிடம் “எத்தனை வாரம்?” என்று கேட்கக் கடைப் பையனைப் பழக்குங்கள். ஸ்டார்டர் இல்லையென்றால் இல்லையென்று சொல்லி, இருக்கும் கடையைக் காட்டுவதே முறை.

யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அக்காலத்தில் நிலத்தில் வைத்த மூட்டை அடியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூக்கும். அந்தப் பூஞ்சணத்தால் உண்டாகும் அஃபிளாடொக்சின் என்ற நஞ்சைக் குஞ்சு தாங்காது. வெயிலில் காய வைத்தாலும் நஞ்சு போகாது. எனவே பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி மூட்டையை வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்குள் விற்று முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் ஸ்டார்டர் எடுங்கள். கட்டிபட்டு மணம் மாறிய தீனை, விலை குறைத்தும் விற்க வேண்டாம்.