பரிசலும் வலையும்: புதிதாகத் தொடங்குவோருக்கு

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



நெல்லுக்கு மேலுரம், நிலக்கடலைக்கு ஜிப்சம் என்று பேசுகிற ஆள் இன்றைக்குப் பரிசலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. மேட்டூர் அணைக்கு மேல்பக்கம், தண்ணீர் தேங்கி நிற்கிற ஓரத்து ஊர்களில் சில வருஷம் வேலை பார்த்தேன். அங்கே தண்ணீர் வடிந்தால் அந்த ஈரத்தில் ராகியோ எள்ளோ விதைப்பார்கள். தண்ணீர் ஏறினால் நிலம் உள்ளே போய்விடும். நிலம் உள்ளே போன மாதங்களில் வயிறு சும்மா இருக்குமா? "சார், ஒரு பரிசல் வாங்கி வலை போட்டுப் பாக்கலாமா?" என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நான் படித்தது விவசாயம், மீன்பிடிப்பு அல்ல. அதனால் காலங்காலமாகத் தண்ணீரிலேயே பிழைக்கிற பரிசல்காரர்களிடம் போய்க் கேட்டேன். அவர்களோடு உள்ளே போயும் பார்த்தேன். கொஞ்சம் பயந்துபோயும் திரும்பினேன்.

முதல் காரியம், அனுமதி. அணைத் தண்ணீர் நம் கிணற்றுத் தண்ணீர் அல்ல. சில அணைகளில் மீன்வளத் துறை உரிமம் கொடுக்கிறது, சிலவற்றை மீன்வளர்ச்சிக் கழகம் பார்த்துக்கொள்கிறது, சில இடங்களில் குத்தகை. உங்கள் அணையில் எந்த ஏற்பாடு என்பதை மீன்வளத் துறை ஆபீசிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் கேட்டுக்கொண்டு பிறகு மூங்கிலுக்குக் காசு கொடுங்கள். சங்கத்தில் விபத்துக் காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி பரிசல். மூங்கில் பத்தைகளைப் பின்னிச் செய்த பெரிய கூடைதான் அது. அந்தக் காலத்தில் மேலே மாட்டுத் தோலைப் போர்த்தினார்கள். பிறகு சாக்கும் தாரும் வந்தது, பிளாஸ்டிக் தாள் வந்தது, இப்போது ஃபைபர் பரிசலும் கிடைக்கிறது. ஒகேனக்கல்லில் ஆள் ஏற்றுகிற பரிசல் பெரிசு. வலை போடுகிற பரிசல் அதைவிடச் சின்னது, ஒரு ஆளே தலையில் கவிழ்த்துக் கரையேற்றலாம். முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் உரசினாலும் தாங்கும். அதனால்தான் காவிரியில் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

ஆனால் அதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. ஓடத்துக்கு அடியில் நீளமாக ஒரு கட்டை இருக்கும், அது போகிற திசையைப் பிடித்துக்கொள்ளும். பரிசலுக்கு அது இல்லை. ஓடத்தைத் தள்ளுவது போல ஓரத்தில் துடுப்புப் போட்டீர்களோ, செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும். என்னைத் துடுப்புப் பிடிக்கச் சொன்னபோது அப்படித்தான் சுற்றினேன். கரையில் நின்ற பிள்ளைகளுக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு.

போக வேண்டிய பக்கத்து விளிம்பை ஒட்டி, அந்தத் திசையைப் பார்த்தபடியே உட்கார வேண்டும். துடுப்பை நமக்கு முன்னால் தண்ணீரில் இறக்கி, 8 என்ற எண்ணைப் போடுவது போல வலமும் இடமுமாக வளைத்து, தண்ணீரை நம் பக்கம் இழுக்க வேண்டும். பரிசலைத் தள்ளக் கூடாது, இழுத்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். சொல்வதற்கு ஒரு நிமிஷம், கை பழகப் பத்து நாளாவது ஆகும். அந்தப் பத்து நாளும் பரிசலில் வலை இருக்கக் கூடாது என்பது நான் கேட்ட எல்லாப் பெரியவர்களும் சொன்ன சேதி. இடுப்பளவு தண்ணீரில், தெரிந்த ஆள் ஒருவரோடு, வெறும் பரிசலில் பழகுங்கள். ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல் நடுவில் வையுங்கள். ஏறிய பிறகு எழுந்து நிற்காதீர்கள்.

ஏன் நிற்கக் கூடாது? வீட்டிலேயே பார்க்கலாம். அண்டாத் தண்ணீரில் ஒரு தட்டை மிதக்க விடுங்கள். நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் தட்டு அசையாது. பழத்தை விளிம்புக்கு நகர்த்துங்கள், சாய்ந்து தண்ணீர் ஏறும். ஒரு டம்ளரை நிறுத்தி வைத்துவிட்டுத் தட்டை லேசாக ஆட்டினாலும் கதை முடிந்தது. பாரம் தாழ்ந்தும் நடுவிலும் இருக்கிற வரைக்கும் பரிசல் மகா சாது. பாரம் உயர்ந்தாலும் ஓரத்துக்குப் போனாலும் அதை நம்பவே கூடாது.

அடுத்தது காற்று. மேட்டூர்த் தேக்கம் 120 அடி நிறைந்தால் சுமார் 150 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஆனி, ஆடியில் அங்கே அடிக்கிற காற்றுக்குப் பரிசல் ஒரு சருகு. பழகியவர்கள் போகும்போது காற்றை எதிர்த்துப் போவார்கள். திரும்பும்போது கை ஓய்ந்திருக்கும், காற்றே கரையில் கொண்டுவந்து விடும். புதிசாக வருகிறவர் இதை மாற்றிச் செய்வார். போகும்போது காற்றோடு சுகமாகப் போய்விடுவார், வரும்போது அழுவார். இடி இடிக்கிற சாயங்காலங்களில் உள்ளே போகவே வேண்டாம். மதகுப் பக்கம் எந்நாளும் வேண்டாம்.

இப்போது வலைக்கு வருவோம். அணைகளில் பெரும்பாலும் போடுவது செவுள் வலை. சுவர் மாதிரி தண்ணீரில் தொங்கும். மீன் கண்ணியில் தலையை நுழைக்கும், உடம்பு போகாது, பின்வாங்கினால் செவுள் மாட்டிக்கொள்ளும். மேல்கயிற்றில் மிதவை, அடிக்கயிற்றில் குண்டு. பழைய ரப்பர் செருப்பை வெட்டி மிதவை கட்டுகிறவர்களும் உண்டு, காசு மிச்சம். ரங்கூன் வலை என்று ஒன்று மேட்டூரில் பேர் போனது, அதற்கு அடிக்கயிறே கிடையாது. வலை தளர்ந்து தொங்குவதால் மீன் அதில் சுற்றிச் சிக்கும். எந்த வலையானாலும் விறைப்பாகக் கட்டாதீர்கள். 100 மீட்டர் வலையை 50 மீட்டர் கயிற்றில் சுருக்கிக் கட்டினால்தான் கண்ணி நன்றாக விரிந்து நிற்கும். கண்ணி அளவை உரிமம் கொடுப்பவர்கள் சொல்வார்கள். சின்னக் கண்ணி போட்டால் கட்லா, ரோகுக் குஞ்செல்லாம் வரும். குஞ்சை அள்ளுவது விதைநெல்லைக் குத்தித் தின்கிற வேலை.

சாயங்காலம் போட்டு விடிகாலையில் எடுப்பது வழக்கம். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் துடுப்பு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து மற்றவர் வலையை விட வேண்டும். பரிசல் மெல்ல நகர நகர வலை தானாகச் சரியும். கயிற்றைக் கையிலோ காலிலோ ஒரு சுற்றுக்கூடச் சுற்றாதீர்கள். பொத்தான் வைத்த சட்டை வேண்டாம், கைக்கடிகாரம் வேண்டாம், கண்ணி அதில்தான் முதலில் மாட்டும். விளிம்பில் ஒரு கத்தியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அணைக்கு அடியில் இருப்பது பழைய ஊர்கள். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தபோது முழுகிய கோயில், வீடு, மரம் எல்லாம் உள்ளே கிடக்கின்றன. பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் வடிந்தால் நந்தி சிலையும் மாதா கோயில் கோபுரமும் தலை காட்டும், பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிவது அவை. தெரியாத கட்டையும் கல்லும் எத்தனையோ. மட்டம் மாற மாற, நேற்று வலை தாண்டிப் போன கட்டை இன்று வலையைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு விடிகாலை நான் கூட உட்கார்ந்திருந்தேன். வலையை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் சட்டென்று நிறுத்தினார். வலை சிக்கிவிட்டது. நேர் மேலே போய் ஒரு தரம் மெதுவாகத் தூக்கினார், மறுபக்கம் சுற்றிப் போய் ஒரு தரம். வரவில்லை. கத்தியை எடுத்து அறுத்துவிட்டார். பாதி வலைக்கு மேல் அங்கேயே நின்றது. ஒரு மிதவை டப்பாவை அடையாளத்துக்குக் கட்டிவிட்டு, "போலாம் தம்பி" என்று மகனிடம் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்திருக்கலாமே?" என்றேன். "நாம அதை இழுத்தா அது நம்மள இழுக்கும் சார்" என்றார்.

நான் படித்த பௌதிகமும் அதைத்தான் சொல்கிறது. சிக்கிய வலையை 20 கிலோ பலத்தில் மேலே இழுத்தால், அதே 20 கிலோ பலம் நீங்கள் இருக்கிற பக்கத்து விளிம்பைக் கீழே அழுத்தும். நின்றுகொண்டு இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

அதே வருஷம் ஒரு விவசாயி, நல்ல உழைப்பாளி, கடன் வாங்கி ஒரே தவணையில் நிறைய வலை வாங்கிவிட்டார். துடுப்புப் பழகச் சொன்னேன். "பழகிக்கலாம் சார், வட்டி ஓடுதே" என்றார். தனியாகப் போனார். வலை சிக்கியது. கத்தி இருந்தது, அறுக்க மனசு வரவில்லை. எழுந்து நின்று இழுத்தார், பரிசல் கவிழ்ந்தது. கவிழ்ந்த பரிசலை அவர் விடவில்லை, அதனால் பிழைத்தார். மூங்கில் மிதக்கும் அல்லவா? இரண்டு மணி நேரம் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தவரை வேறு பரிசல்காரர்கள் கரை சேர்த்தார்கள். கரை கிட்டத்தில் இருக்கிற மாதிரிதான் தெரிந்தது, நீந்திப் போயிருந்தால் பாதியில் போயிருப்பேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அதனால்தான் யார் வந்து கேட்டாலும் ஒன்றைச் சொல்லி வருகிறேன். முதல் வருஷம், அறுத்து விட்டாலும் குடும்பம் தாங்கும் என்கிற அளவுக்கு மட்டும் வலை வாங்குங்கள். கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பரிசலுக்கு வாங்குங்கள், வலைக்கு வேண்டாம். தெரிந்தவரோடு பங்குக்குப் போய் ஒரு பருவம் பழகுவது இன்னும் உத்தமம். கடன் வலையை அறுக்கக் கை வராது. அந்த விவசாயிக்குத் தைரியக் குறைவு இல்லை, அவர் கையைக் கட்டிப்போட்டது வட்டிதான்.

உயிர்காப்புச் சட்டை வாங்க முடிந்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சட்டை ஒரு வலையைவிட நாள்படும். அது கைக்கு வரும்வரை, மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன், 10 லிட்டர் அளவில் ஆளுக்கு ஒன்று, பரிசலில் கட்டி வையுங்கள். தண்ணீருக்குள் இருக்கிற உடம்புக்குத் தலை மேலே நிற்க நாலைந்து கிலோ தூக்குதல் போதும். அந்தக் கேன் அதற்கு இரண்டு பங்கு தூக்கும். நீச்சல் தெரியும் என்று இதை விட்டுவிடாதீர்கள், வலை சுற்றிய காலால் நீந்த முடியாது.

அறுத்துவிட்ட வலை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நைலான் மக்காது. யாருக்கும் பயனில்லாமல் உள்ளே நின்று மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் இடத்தைக் குறித்துக்கொண்டு, மட்டம் இறங்கியதும் போய் எடுத்துவிட வேண்டும். அந்தப் பெரியவர் சித்திரையில் என்னையும் கூட்டிப் போனார். தண்ணீர் வடிந்து, ஒரு பழைய புளியமரத்துக் கட்டை முழுசாக வெளியே நின்றது. வலை அதைச் சுற்றிக் கிடந்தது, கண்ணியெல்லாம் மீன் முள். அரிவாளால் அறுத்து எடுத்து, மேல்கயிற்றையும் மிதவைகளையும் மட்டும் கழற்றி அடுத்த வலைக்கு வைத்துக்கொண்டார். மீதியைக் கரைமேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.