மைக்ரோவேவ் ஓவனில் தீப்பொறியா? முதலில் துடையுங்கள்!

திண்டிவனம் என்றதும் விவசாயிகளுக்கு நினைவுக்கு வருவது வேர்க்கடலை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வேர்க்கடலை, எள் ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துகள் இந்த ஊரைத்தான் குறிக்கின்றன. அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லப்படும் இந்தக் கடலையை இரும்புச் சட்டியில் மணல் போட்டு வறுப்பது பழைய வழக்கம். இன்று மைக்ரோவேவ் ஓவனில் சில நிமிடங்களில் வறுத்துவிடலாம். ஆனால் உரித்த கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அந்த எண்ணெயும் பறக்கும் தோலும் ஓவனின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. துடைக்காமல் விட்டால் ஒரு நாள் உள்ளே 'பட பட' என்று தீப்பொறி பறக்கும். உடனே "மெஷின் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயங்களில் காரணம் அழுக்குதான்.

அழுக்கு ஏன் தீப்பொறி ஆகிறது?

ஓவனுக்குள் மேக்னட்ரான் என்ற பாகம் 2,450 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் மைக்ரோவேவ் அலைகளை உண்டாக்குகிறது. ராடார் கருவிகளுக்காகப் பயன்பட்ட பாகம் இது. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் 1945இல் இதை வைத்துச் சமைக்கலாம் என்று கண்டறிந்தார். இந்த அலைகள் தண்ணீர், எண்ணெய் உள்ள பொருள்களைச் சூடாக்கும். சுவரில் ஒட்டிய உணவும் ஒவ்வொரு முறையும் சேர்ந்து சூடாகும். நாளடைவில் அது கருகிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அதில் அலைகள் படும்போது தீப்பொறி கிளம்புகிறது.

உள்ளே வலது பக்கச் சுவரில் அட்டை போன்ற ஒரு தகடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மைக்கா ஷீட். சில மாடல்களில் இது மேற்புறம் இருக்கும். அலைகள் இதன் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. எனவே இதன் மேல் எண்ணெய் படிந்தால் ஆபத்து அதிகம்.

ஆவியே போதும்

1. மைக்ரோவேவுக்கு ஏற்ற கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரை எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போடுங்கள். ஒரு மரக் கரண்டியையும் உள்ளே வையுங்கள். வெறும் தண்ணீர் சில சமயம் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்து, தொட்டதும் பொங்கிச் சிதறும். மரக் கரண்டி அதைத் தடுக்கும்.

2. தண்ணீர் நன்றாகக் கொதிக்கும் வரை, சுமார் 3 முதல் 5 நிமிடம், ஓட விடுங்கள். பிறகு 10 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். காய்ந்த கறை ஆவியில் ஊறி இளகும்.

3. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைத் திட்டு விழும். குடிக்கும் கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

4. சுழலும் கண்ணாடித் தட்டு ஆறிய பிறகே அதைக் கழுவுங்கள். சூட்டோடு குளிர்ந்த நீரில் வைத்தால் விரிசல் விடும். அதன் கீழே உள்ள வளையத்தையும் சிறு சக்கரங்களையும் மறக்க வேண்டாம்.

5. மைக்கா ஷீட்டை லேசான ஈரத்துணியால் ஒற்றி, முழுவதும் உலர விடுங்கள். கருகி ஓட்டை விழுந்திருந்தால் மாற்றியாக வேண்டும். அதுவரை ஓவனை இயக்காதீர்கள்.

விடாப்பிடியான கறைக்கு ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் நுரை வருமே தவிரப் பலன் இல்லை. காரமும் அமிலமும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

* இரும்பு நார் வேண்டாம். உள் பெயின்ட் உரியும். உதிர்ந்த சிறு துண்டே தீப்பொறிக்குப் போதும்.

* காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர் ஸ்பிரே மைக்ரோவேவுக்கு உரியது அல்ல. காற்றுத் துளைகள் வழியே உள்ளே இறங்கிவிடும்.

* பிளீச்சிங் பவுடருடன் வினிகர், டாய்லெட் கிளீனர் போன்ற அமிலங்கள் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் இது உயிருக்கே ஆபத்து.

* வெளிப்பெட்டியின் திருகுகளைக் கழற்றவே கூடாது. கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து தூசி தட்டிப் பழகியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். உள்ளே உள்ள கெபாசிட்டர் 2,000 வோல்ட்டுக்கு மேல் மின்சாரத்தைத் தேக்கி வைக்கக்கூடியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மிச்சம் இருக்கலாம். அந்த ஷாக் உயிரைப் பறிக்கும்.

கதவில் கவனம்

கதவின் கம்பி வலையில் உள்ள துளைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான். அலையின் நீளமோ சுமார் 12 சென்டிமீட்டர். அதனால்தான் வெளிச்சம் வெளியே வருகிறது, மைக்ரோவேவ் அநேகமாக வருவதில்லை. கதவின் ஓரங்களில் பிசுக்கு படிந்தால் கதவு சரியாகப் பொருந்தாது. வாரம் ஒருமுறை ஓரங்களையும் துடையுங்கள். கதவு வளைந்தாலோ, கீல் ஆடினாலோ, உள் பெயின்ட் உரிந்து துரு தெரிந்தாலோ ஓவனை நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஓவன் ஓடும்போது வீட்டு வை-ஃபை மந்தமாகிறதா? இரண்டும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இயங்குவதுதான் காரணம். அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய கசிவே இதற்குப் போதும். பயப்பட வேண்டாம். மோடத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

ஓ.டி.ஜி. வைத்திருப்பவர்களுக்கு

ஓ.டி.ஜி.யிலும், மைக்ரோவேவின் கிரில், கன்வெக்ஷன் முறைகளிலும் சுவரே சூடாவதால் கறை சுட்டு இறுகிவிடும். ஆவி மட்டும் போதாது. முழுவதும் ஆறிய பிறகு ஆப்பசோடாக் குழம்பைப் பூசி, ஓர் இரவு ஊற விட்டுத் துடையுங்கள். ஹீட்டர் கம்பிகளில் மட்டும் படக் கூடாது. நன்றாக உலர்ந்த பின் 10 நிமிடம் காலியாகச் சூடாக்கினால் மிச்ச ஈரமும் போகும். ஆனால் மைக்ரோவேவ் முறையில் ஒருபோதும் காலியாக ஓட்டாதீர்கள். அலைகளை உறிஞ்ச உள்ளே எதுவும் இல்லையென்றால் மேக்னட்ரான் கெட்டுவிடும்.

எப்போதாவது உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். காற்று இல்லாமல் தீ தானே அடங்கிவிடும். கடலை வறுத்த அன்றே ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டால் அந்த நிலையே வராது.