நடுவில் இருக்கும் நுரையை மறந்தால்

பொம்மையார்பாளையம் கரையில் நிற்கிற மாதிரியான ஃபைபர் படகுகளில், எஞ்ஜின் மாட்டும் பின்பலகை பொதுவாக ஒரு சாண்ட்விச்: இரண்டு பக்கமும் ஃபைபர், நடுவில் ப்ளைவுட். ப்ளைவுட்டுக்குப் பதிலாக எடை குறைந்த பிவிசி நுரையை வைத்தால் என்ன?

ஃபைனைட் எலிமென்ட்டில் மாடல் செய்யும்போது பலரும் மெல்லிய தகட்டுக்கான எலிமென்ட்டை எடுத்துப் போட்டுவிடுவார்கள். அது வளைவை மட்டும்தான் பார்க்கும். சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சாயுமே, அந்த ஷியர் அதில் வராது. மென்மையான நுரைக்கு அதுதான் முக்கியம்.

கையாலேயே கணக்குப் போடலாம். 2 மி.மீ. ஃபைபர், 20 மி.மீ. நுரை, 100 மி.மீ. அகலம், இரு முனையும் தாங்கலில், நடுவில் 500 நியூட்டன். ஃபைபருக்கு 15 ஜிகாபாஸ்கல், நுரையின் ஷியருக்கு 27 மெகாபாஸ்கல் என்று வைத்தேன். நீளம் 500 மி.மீ. என்றால் வளைவால் 1.8 மி.மீ. இறங்கும், ஷியரால் இன்னொரு 0.96. நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு 0.22 மட்டுமே, ஷியரோ 0.48! மெல்லிய தகடு எலிமென்ட் சொல்வதைப்போல மூன்று மடங்கு இறங்குகிறது. பேனல் குட்டையாக ஆக ஆக ஏமாற்றம் கூடுகிறது.

அதனால் ஃபைபருக்கு ஷெல், நுரைக்கு சாலிட் எலிமென்ட் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. அதில் இன்னொன்றும் தெரியும்: எஞ்ஜினின் கிளாம்ப் இறுக்கும் இடத்தில் நுரை நசுங்கும். அங்கே மட்டும் நான் ப்ளைவுட்டையே விடுவேன்.